ஏப்பம் வந்தா சரியாயிடும்

அத்தியாயம் 14

போனை வைத்த பிறகும் அம்மாவுக்கு மூச்சு வாங்கிய சத்தம் யமுனாவின் காதிலேயே இருந்தது. "படி ஏறி வந்தேன்டி, அதான்" என்று விஜயராணி சொல்லிவிட்டாள். மேலூர் ரோட்டில் அந்த இரண்டாம் மாடி வீட்டுக்கு அவள் கல்யாணமான நாளிலிருந்து படி ஏறிக்கொண்டுதான் இருக்கிறாள். இப்படி மூச்சு வாங்கி யமுனா கேட்டதில்லை. சனிக்கிழமை ஒரு நாள் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தொட்டியத்தில் மாமியாரிடம் கேட்டு வைத்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை, ஸ்ரீரங்கத்தில் விஜயராணி இருட்டோடு எழுந்துவிட்டாள். எழுந்ததும் தாடையைத் தடவிக்கொண்டாள். பல் வலி மாதிரியும் இருந்தது, பல் வலி இல்லாத மாதிரியும் இருந்தது. நெஞ்சுக்குள் ஒரு காந்தல். இந்த வாரம் முழுக்கவே அப்படித்தான்.

நின்று யோசிக்க நேரமில்லை. அவள் கணவர் நவநீதனோடு கொள்ளிடக் கரையில் நடக்கிற நண்பர்கள் காலை டிபனுக்கு வருகிறார்கள். தினைப் பொங்கல், எண்ணெய் அதிகமில்லாத கொத்சு, சீரகத் தண்ணீர். எல்லாமே நவநீதன் சொன்ன மெனு.

நவநீதனின் நெஞ்சு வலிக் கதை அந்தத் தெருவுக்கே தெரியும். துவாக்குடி பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ரிடையர் ஆன வருஷம் அது. கல்யாண விருந்து ஒன்றில் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக் கார், எதிர்வீட்டு ஆள்கள், அழுதுகொண்டே ஓடிய விஜயராணி. ஈ.சி.ஜி., எக்கோ, ஆஞ்சியோகிராம் வரை பார்த்தார்கள். இதயம் நன்றாக இருந்தது. வயிற்று அமிலம் மேலேறி வந்து உணவுக்குழாயை எரித்திருக்கிறது என்றார்கள். மாத்திரையைவிடப் பழக்கம்தான் முக்கியம் என்று டாக்டர் நிறையச் சொல்லி அனுப்பினார்.

அந்தப் பழக்கங்களையெல்லாம் நவநீதன் கட்டுப்பாடாகக் கடைப்பிடித்தார் என்று எல்லோரும் பாராட்டினார்கள். சிகரெட்டை விட்டார், தினமும் நடந்தார். அது உண்மை. மற்றதை விஜயராணி செய்தாள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தினாள். காரமில்லாமல் அவருக்கென்று தனிக் குழம்பு வைத்தாள். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள் முடிய வேண்டும் என்பதால், கடைக்குக் கிளம்புவதற்கு முன்பே சமைத்து ஹாட்பாக்கில் வைத்துவிட்டுப் போனாள்.

அவளுக்கு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. கடை சாத்திவிட்டு ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து அவள் வீடு வரும்போது நவநீதன் தூங்கியிருப்பார். மதியம் மீந்ததைத் தட்டில் போட்டு நின்றபடியே சாப்பிடுவாள். சாப்பிட்ட கையோடு படுப்பாள். சர்க்கரை இருந்தது. மாத்திரை தீர்ந்துபோனால், மறுபடி மருந்துக் கடைப் பக்கம் போகும்வரை மாத்திரை இல்லாமலே ஓடும்.

நண்பர்கள் வந்தார்கள். பாங்கில் இருந்து ரிடையரான பீமராவ், ஸ்கூல் வாத்தியார் தர்மராஜ், இன்னும் சிலர். ஷூக்கள் வாசலில் குவிந்தன.

"நம்ம வியாதிக்கு நாமதான் டாக்டர்" என்று நவநீதன் ஆரம்பித்தார். "என்னைப் பாருங்க. இடுப்புல எத்தனை இஞ்ச் குறைஞ்சிருக்கேன்! நெஞ்செரிச்சலா? வாயைக் கட்டினா போதும்."

விஜயராணி பொங்கல் பாத்திரத்தோடு வந்தாள். பரிமாறக் குனிந்தவள் அப்படியே சுவரில் கை வைத்து நின்றாள்.

"ஏங்க… நெஞ்சு எரியற மாதிரியே இருக்குங்க. முதுகும் வலிக்குது."

நவநீதன் சிரித்தார். நண்பர்கள் பக்கம் திரும்பினார்.

"பார்த்தீங்களா? உதாரணம் என் வீட்டுலயே இருக்கு. ராத்திரி பதினோரு மணிக்குச் சாப்பிடுவா. சாப்பிட்ட உடனே படுத்துடுவா. வெறும் வயித்துல டீ. நான் சொன்னா கேக்கவா போறா?"

"லேடீஸ் அப்படித்தான் சார்" என்றார் தர்மராஜ். "நமக்குத்தான் எல்லாம் பாத்துப் பாத்துச் செய்வாங்க. தன் உடம்பைக் கவனிக்க மாட்டாங்க."

பீமராவ் மட்டும், "முகம் ஒரு மாதிரி வெளுத்தாப்ல இருக்கே சார்" என்றார்.

"காலைல நாலு பேருக்குச் சேர்த்து வேலை செஞ்சா அப்படித்தான் இருக்கும்." நவநீதன் எழுந்துபோய், ஃப்ரிட்ஜ் மேலிருந்த தன் ரோஸ் கலர் மருந்து பாட்டிலை எடுத்து மூடியில் ஊற்றினார். "இந்தா. பத்து நிமிஷத்துல அடங்கிடும்."

அத்தனை பேர் பார்க்க அவள் அதைக் குடித்தாள். குடித்துவிட்டு மூடியைக் கழுவி, பாட்டிலில் போட்டு வைத்தாள்.

"இன்னிக்கு லீவு போட்டுடட்டுமாங்க?" என்று அடுப்படியிலிருந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஆடித் தள்ளுபடி சமயத்துல லீவு தருவாங்களா? வீட்டுல படுத்தா இன்னும் எரியும். நடமாடிட்டே இருந்தா தானா சரியாயிடும்."

அவள் குளித்து, தலைவாரி, கடைச் சீருடைப் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். ஹாட்பாக்கில் ராத்திரிச் சாப்பாடு தயாராக இருந்தது.

*

கடையில் நிற்க இடமில்லை. ஆடித் தள்ளுபடிக் கூட்டம். விஜயராணி மேல் தட்டிலிருந்து புடவைக் கட்டை இழுத்தாள். வியர்வை நெற்றியிலிருந்து கழுத்துக்கு இறங்கியது. மேலே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, என்னக்கா இப்படி வேர்க்குது?" பக்கத்து கவுன்ட்டரிலிருந்து தஹ்ஸீன் ஓடிவந்தாள். கடையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண்.

"ஒண்ணுமில்லம்மா. கேஸு. வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

தஹ்ஸீன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள். சூப்பர்வைசர் வந்து பார்த்தார். "கஸ்டமர் பாக்கற இடத்துல உக்கார வைக்காதீங்க, உள்ள அழைச்சிட்டுப் போங்க" என்றார். போகிற போக்கில், "ஒரு சோடா வாங்கிக் குடுங்க. ஏப்பம் வந்தா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் சோடாவைக் குடித்தாள். ஏப்பமும் வந்தது. ஆனால் சரியாகவில்லை. தாடையிலிருந்த வலி இடது தோளுக்கு வந்திருந்தது.

தஹ்ஸீன் நவநீதனுக்குப் போன் செய்தாள்.

"கேஸ்தாம்மா" என்றார் அவர். நண்பர்களை அனுப்பிவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "காலையிலயே மருந்து குடுத்துத்தான் அனுப்பினேன். கொஞ்ச நேரம் நிமிர்ந்து உக்காரச் சொல்லு. படுக்க விடாத. படுத்தா ஆசிட் மேல ஏறும்."

"இல்ல சார், ரொம்ப முடியலன்னு சொல்றாங்க…"

"நான் இதையெல்லாம் அனுபவிச்சவன்மா. எனக்குத் தெரியாதா?"

போனை வைத்ததும் தஹ்ஸீனுக்கு அழுகை வந்தது. விஜயராணியின் போனில் அடுத்து இருந்த பெயர் யமுனா. அதை அழுத்தினாள்.

யமுனா பஸ்ஸில் இருந்தாள். குணசீலம் தாண்டியிருந்தது. ஜன்னல் காற்றில் பாதிதான் காதில் விழுந்தது. விழுந்த பாதியே போதுமானதாக இருந்தது.

"வேர்க்குதா? தோள்பட்டை வலிக்குதுங்கறாங்களா? தஹ்ஸீன், யாரையும் கேக்காத. ஆட்டோவைப் பிடிச்சு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடு. நான் நேரா அங்க வந்துடறேன்."

"சூப்பர்வைசர் சார்கிட்ட சொல்லிட்டு…"

"சொல்லிட்டே கிளம்பு. அவர் பதில் சொல்றவரைக்கும் நிக்காத."

*

தில்லைநகரில் அந்த ஆஸ்பத்திரிக்கு யமுனா வந்து சேர்ந்தபோது விஜயராணியை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். வராந்தாவில் தஹ்ஸீன் அவள் செருப்பையும் கைப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் தேவதர்ஷினி வெளியே வந்தார். வயது அதிகம் இருக்காது. பேச்சில் அவசரம் இருந்தது, பதற்றம் இல்லை.

"நீங்க மகளா? அம்மாவுக்கு ஹார்ட் அட்டாக். இன்னிக்கு வந்தது மட்டும் இல்ல. கொஞ்ச நாளாவே சின்னச் சின்னதா காட்டிக்கிட்டு இருந்திருக்கு. இப்ப உடனே அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைக்கணும்."

"நெஞ்செரிச்சல்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க டாக்டர்."

"நிறையப் பேர் அப்படித்தான் சொல்லிட்டு வருவாங்க. எரிச்சல் வயித்துலேர்ந்தா இதயத்துலேர்ந்தான்னு வீட்டுல உக்காந்து கண்டுபிடிக்க முடியாதும்மா. அதுவும் பொம்பளைங்களுக்கு எப்பவும் சினிமால காட்டற மாதிரி வலி வராது. தாடை வலி, முதுகு வலி, மூச்சு வாங்கறது, அசதி, இப்படித்தான் வரும். சர்க்கரை வேற இருக்கு. வலியே முழுசா தெரியாது."

அப்போதுதான் நவநீதன் வந்தார். யமுனா போனில் கத்தியதைக் கேட்டுக் கிளம்பியவர், நடைக்குப் போடுகிற ஷூவையே மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"டாக்டர், அவளுக்கு ஆசிட் பிராப்ளம். லேட்டா சாப்பிடுவா. எனக்கும் இதே மாதிரி வந்து, ஆஞ்சியோ வரைக்கும் எடுத்துப் பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னு…"

"சார், இது உங்களுக்கு வந்தது இல்ல." டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "அவங்களுக்கு சர்க்கரை கடைசியா எவ்வளவு இருந்தது?"

நவநீதன் வாயைத் திறந்தார். அவருடைய ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"அது… அவளே பார்த்துக்குவா."

"பிரஷர் இருக்கா? என்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

"ராணியைக் கேட்டாத்தான் தெரியும்."

டாக்டர் படிவத்தை நீட்டினார். கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

*

சிகிச்சை முடிகிறவரை அப்பாவும் மகளும் வராந்தாவில் ஒரே பெஞ்சில், நடுவே ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றார் நவநீதன்.

தஹ்ஸீன் கொடுத்துவிட்டுப் போன அம்மாவின் கைப்பையை யமுனா மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"பொங்கல் சாப்பிட வந்தவங்க முன்னாடியே மருந்தும் குடுத்தேன் யமுனா. சும்மா விடல."

"அன்னிக்கு நீங்க நெஞ்சைப் பிடிச்சப்ப அம்மா உங்களுக்கு ஒரு மூடி மருந்து குடுத்துட்டுத் தூங்கியிருந்தா என்னப்பா சொல்லியிருப்பீங்க?"

"அது வேற."

"என்ன வேற? உங்களுக்கு வந்தது நெஞ்செரிச்சல். தெருவே ஓடிச்சு. அம்மாவுக்கு வந்தது ஹார்ட் அட்டாக். பத்துப் பேர் உக்காந்து பொங்கல் சாப்பிட்டீங்க."

நவநீதனின் முகம் சுருங்கியது. "என்கிட்ட அவ சரியா சொல்லல. வலிக்குதுன்னு அழுதிருந்தா நான் விட்டிருப்பேனா?"

"அழுதாத்தான் நம்புவீங்களாப்பா?"

எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் யமுனா தன் கணவன் அரவிந்தனுக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள். அவன் உண்மையாகவே பதறினான். அதனால் அவளுக்குக் கேட்கத் தைரியம் வந்தது.

"டிஸ்சார்ஜ் ஆனதும் அம்மாவை ஒரு ரெண்டு மூணு மாசம் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறேங்க."

அந்தப் பக்கம் குரல் தாழ்ந்தது.

"இப்ப வாழை தார் போட்டிருக்கற நேரம் யமுனா. ஆளுங்க வந்து போயிட்டு இருப்பாங்க. அம்மாவுக்கு வேற முட்டி வலி. நீ உங்கம்மாவைப் பார்ப்பியா, எங்கம்மாவைப் பார்ப்பியா? உங்கப்பா இருக்காருல்ல?"

"அவர் எப்படிங்க…"

"வேணும்னா நீ அங்க ஒரு வாரம் இருந்துட்டு வா. நான் அம்மாகிட்ட பேசிக்கறேன்."

ஒரு வாரம். அதையும் பேசித்தான் வாங்கித்தர வேண்டுமாம். யமுனா சரிங்க என்று சொல்லிப் போனை வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பெஞ்சுக்கு வந்தாள். நவநீதன் எங்கேயோ போயிருந்தார். சற்றுத் தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். யாரிடம் என்று அவள் கவனிக்கவில்லை.

*

மாலையில் உள்ளே விட்டார்கள். விஜயராணியின் உதடு காய்ந்திருந்தது. மணிக்கட்டில் கட்டு. மார்பிலிருந்து ஒயர்கள். ஆனாலும் யமுனாவைப் பார்த்ததும், "சாப்பிட்டியாடி?" என்றுதான் கேட்டாள்.

டாக்டர் தேவதர்ஷினி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். "அடைப்பை எடுத்தாச்சும்மா. கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். இதயத்துல ஒரு பகுதி பலவீனமாயிடுச்சு. அது பழையபடி ஆகறது கஷ்டம். இருக்கறதைக் காப்பாத்திக்கணும்."

"சொல்லுங்க டாக்டர்."

"மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. உப்பு, எண்ணெய் கம்மி. ராத்திரி சீக்கிரம் சாப்பிடணும். சாப்பிட்ட உடனே படுக்கக்கூடாது. நான் சொன்னதுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நடக்க ஆரம்பிக்கணும். நல்லாத் தூங்கணும். சர்க்கரையைக் கட்டுப்பாட்டுல வெச்சுக்கணும். நாள் முழுக்க நிக்கற வேலை இப்போதைக்கு வேண்டாம். மறுபடி நெஞ்சு எரிஞ்சா, தாடை வலிச்சா, கேஸுன்னு நினைக்காம நேரா இங்க வரணும்."

விஜயராணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவளுக்குத் தெரியாதது அதில் அதிகமில்லை. இத்தனை வருஷம் அதைத்தானே செய்துகொண்டிருந்தாள், வேறொருவருக்கு.

"டாக்டர்" என்றாள். "இதெல்லாம் எனக்கு யாரு செஞ்சு தருவாங்க?"

அவள் வருத்தமாகக்கூடக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி கேட்டாள். டாக்டர் நவநீதனைப் பார்த்தார். யமுனா தரையைப் பார்த்தாள்.

"நான் இருக்கேன்ல ராணி?" நவநீதன் முன்னால் வந்தார். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. "இனிமே நீ ஒரு கஷ்டமும் படக்கூடாது. முடிவு பண்ணிட்டேன். கடைக்குப் போன் பண்ணி உங்க மேனேஜர்கிட்டயே சொல்லிட்டேன், இனிமே அவ வேலைக்கு வர மாட்டான்னு. அவரும் சரின்னுட்டாரு. வேற ஆளைப் போட்டுக்கறாங்களாம்."

விஜயராணி அவரைப் பார்த்தாள்.

"என் வேலையை விட்டுட்டீங்களா?"

"பின்ன? டாக்டரே சொல்றாங்கல்ல, நிக்கற வேலை வேணாம்னு."

"இப்போதைக்குன்னு சொன்னேன் சார்" என்றார் டாக்டர்.

"வீட்டுலயே நிம்மதியா இரு. உன் சமையலை நீயே உன் உடம்புக்கு ஏத்த மாதிரி செஞ்சுக்கலாம். எனக்கும் அதே சாப்பாடுதானே? தனித்தனியா செய்ய வேண்டியதில்ல. ஒரே வேலையா முடிஞ்சுடும்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். மானிட்டரில் எண்கள் ஏறின. நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "போதும், எல்லாரும் வெளியில இருங்க" என்றாள்.

"ஒரு நிமிஷம் சிஸ்டர்." விஜயராணி மூச்சை இழுத்துக்கொண்டாள். "அந்தக் கடையில காலு வலிக்க வலிக்க நின்னேங்க. ஆனா அங்க என்னை அக்கான்னு கூப்பிட ஆளு இருந்தது. வேர்த்தா ஸ்டூல் எடுத்துப் போட ஆளு இருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"உன் நல்லதுக்குத்தான் ராணி…"

"காலைலயும் என் நல்லதுக்குத்தான் கடைக்கு அனுப்பினீங்க."

நவநீதன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"யமுனா, மாப்பிள்ளை என்ன சொன்னாரு?"

யமுனா திடுக்கிட்டாள். போன் பேசியது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்கவில்லை. மகள் என்ன செய்திருப்பாள் என்று மட்டும் தெரிந்திருந்தது.

"வரச் சொன்னாரும்மா. உடனே கூட்டிட்டு வான்னாரு."

விஜயராணி மகளின் கையைப் பிடித்து மெல்ல அழுத்தினாள். அந்தப் பொய்க்கு அவள் கோபப்படவில்லை. பொய் சொல்லும்போது யமுனாவின் முகம் எப்படி ஆகும் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"சரிடி" என்றாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "நான் ஸ்ரீரங்கத்துக்கு வரலைங்க."

நவநீதன் முதலில் புரியாமல் நின்றார். பிறகு சுற்றிலும் பார்த்தார், யாராவது கேட்டிருப்பார்களோ என்பதுபோல. குரலைத் தாழ்த்தினார்.

"வராம? பின்ன எங்க போவே?"

அதட்டலாக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

விஜயராணி கூரையைப் பார்த்தாள். பதிலைத் தேடினாள். பிறந்த வீடு இல்லை, மகள் வீட்டுக் கதவு திறக்கவில்லை, இன்று மத்தியானத்திலிருந்து வேலையும் இல்லை. மூன்றும் அவருக்குத் தெரியும் என்றுதான் அவள் நினைத்தாள்.

நர்ஸ் வந்து திரையை இழுத்தாள்.